ஈரடிப்பு மோட்டாரா, நாலடிப்பு மோட்டாரா?

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சிறு படகுகளின் பின்புறத்தே பொருத்தும் அவுட்போர்டு மோட்டார் வகை இரண்டனுள் எதனைக் கொள்வது நலம் என்பதுபற்றிப் பேசுமாறு நம் சங்கத்தார் என்னைப் பணித்திருக்கின்றனர். தமிழ் கற்பிக்கும் பண்டிதனுக்கு மோட்டாரோடு என்ன தொடர்பு என்று சிலர் நகைக்கலாம். ஈரடிக் குறளையும் நாலடி வெண்பாவையும் நாள்தோறும் மாணவர்க்கு உரைப்பவனுக்கு, ஈரடிப்பு, நாலடிப்பு என்னும் பெயர்களைக் கேட்டவுடன் செவி அப்பக்கம் திரும்புதல் இயல்பேயன்றோ? அன்றியும், யான் கற்பிக்கும் பிள்ளைகளுட் பலர் கடலை நம்பிய இல்லங்களிலிருந்து வருபவர். அவர்தம் புத்தகமும் உடுப்பும் மேற்படிப்பும், அந்த மோட்டார் குடித்த எண்ணெய்க்குக் கொடுத்ததுபோக எஞ்சிய பணத்திலிருந்தே வரவேண்டும். ஆதலின் இஃது ஆசிரியனுக்குப் புறம்பான பொருளன்று.

முதற்கண் பெயரின் பொருளை அறிவோம். இயந்திரத்தின் உருளைக்குள்ளே பிஸ்டன் மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ ஒருமுறை ஓடும் ஓட்டத்தையே ஆங்கிலத்தில் ஸ்ட்ரோக் என்பர். அதனை நாம் அடிப்பு என்று வழங்குவோம். எரிபொருளையும் காற்றையும் உள்ளே இழுத்தல், அவற்றை அழுத்துதல், எரித்து அவ்விசையாற் பிஸ்டனைத் தள்ளுதல், புகையை வெளியேற்றுதல் என்னும் தொழில் நான்கும் இருவகை இயந்திரங்கட்கும் பொது. அந்நான்கையும் ஒவ்வோர் அடிப்புக்கு ஒன்றாக வகுத்துச் செய்வது நாலடிப்பு. இரண்டே அடிப்புக்குள் அடக்கிச் செய்வது ஈரடிப்பு. முன்னதில் தண்டு இருமுறை சுழல்வதற்குள் ஒருமுறை வெடிப்பு நிகழும். பின்னதில் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஒரு வெடிப்பு உண்டு.

அங்ஙனமாயின் ஒரே பருமனுள்ள இயந்திரத்தினின்று ஈரடிப்பு இருமடங்கு வலிமை தரவேண்டுமே எனின், வலிமை மிகுதியாகத் தருமேயன்றி இருமடங்கு தருவதில்லை. என்னை? புதிய கலவை உள்ளே புகும் நேரமும் பழைய புகை வெளியேறும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைதலின், புதியதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு கலந்து போய்விடுகின்றது. முன்வாயிலும் பின்வாயிலும் ஒருங்கே திறந்துவிட்ட பந்தியில், உண்டவரோடு உண்ணாதவரும் வெளியேறுதல் போல்வது இது. கார்புரேட்டர் வைத்த ஈரடிப்பு மோட்டார்களில் இவ்வாறு வீணாகும் எரிபொருள் 100-க்கு 25 முதல் 30 வரை ஆகலாம் என்று ஆராய்ந்தோர் கணக்கிட்டிருக்கின்றனர். அன்றியும், நாலடிப்பில் எண்ணெய் அடிப்பாகத்தே தனியே தங்கித் தன் வேலையைச் செய்யும்; ஈரடிப்பிலோ பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்தே ஊற்றல்வேண்டும். 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் என்பது பெரும்பான்மை அளவு. அவ்வெண்ணெயும் ஒருமுறை எரிந்து புகையாய்ப் போவதேயன்றி மீள்வதில்லை.

இனி வரலாற்றைச் சிறிது நோக்குவோம். நாலடிப்பு முறையை 1876-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு நிக்கோலஸ் ஆட்டோ என்பார் செயற்படுத்திக் காட்டினார். படகின் பின்னே மாட்டிக் கழற்றத்தக்க மோட்டாரை வாணிகப் பொருளாக்கிப் பெயர் பெற்றவர், நார்வே நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஓலே எவின்ரூட். அவர் 1909-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த மோட்டார் ஈரடிப்பே. எளிய அமைப்பும் குறைந்த எடையும் உடைமையால், அதன்பின் நெடுங்காலம் அவுட்போர்டு என்றாலே ஈரடிப்பு என்னும் நிலை இருந்தது. 1964-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு ஹோண்டா நிறுவனம் நாலடிப்பு அவுட்போர்டைச் செய்து வெளியிட்டது. பின்னர் அமெரிக்க அரசு 1996-ஆம் ஆண்டில் படகு மோட்டார்களின் புகைக்கு வரம்பு விதித்தது. தாஹோ ஏரியில் 1999-ஆம் ஆண்டு முதல் கார்புரேட்டர் வைத்த ஈரடிப்பு மோட்டார்கள் விலக்கப்பட்டன. எரிபொருளை நேரே உருளைக்குள் பீச்சும் திருந்திய ஈரடிப்பு மோட்டார்களைச் செய்துவந்த எவின்ரூட் தொழிலும் 2020-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. மேலை நாடுகள் இவ்வாறு நாலடிப்பின் பக்கம் சாய்ந்துவிட்டன.

ஆயினும், அவர்கள் கொண்டனர் என்பதனாலேயே நாமும் கொள்ளல்வேண்டும் என்று யான் கூறேன். அவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்கிற்குப் படகு விடுபவர். நாமோ வயிற்றுக்கு விடுபவர். அவர்கட்கு ஏரியின் தூய்மை முதற் கேள்வி. நமக்கு அதனொடு, அலையைக் கடத்தல், கடனை அடைத்தல், கரை சேர்தல் என்னும் மூன்றும் உள. எனவே நம் கரையின் நிலையை வைத்தே இதனைத் தீர்மானித்தல்வேண்டும்.

தமிழகக் கரைகளில் நாட்டுப் படகுகட்கு அவுட்போர்டு மோட்டார் பரவலாக வந்தது 1980-களுக்குப் பின்னரே. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர்க் கட்டுமரங்கள் பல மறைந்து, பைபர் படகுகள் பெருகின. சோழமண்டலக் கரையில் டீசல் இயந்திரத்தை நீண்ட தண்டோடு பூட்டிய படகுகள் மிகுதி. அவை இன்றைய பேச்சிற்கு அப்பாற்பட்டவை. பெட்ரோலாலும் மண்ணெண்ணெயாலும் ஓடும் அவுட்போர்டுகளைப்பற்றியே ஈண்டுக் கூறுகின்றேன்.

ஈரடிப்பின் சிறப்புகளை முதலிற் கூறுதல் நீதி. முதலாவது எடை. 15 குதிரைத்திறனுள்ள ஈரடிப்பு மோட்டார் ஏறத்தாழ 36 முதல் 42 கிலோ வரை இருக்கும். அதே திறனுள்ள நாலடிப்பு 45 முதல் 55 கிலோ வரை செல்லும். துறைமுகத்திற் கட்டிக் கிடக்கும் படகிற்கு இவ்வேற்றுமை பெரிதன்று. மணற்கரையில் நாள்தோறும் கழற்றித் தோளிற் சுமந்து வீடு சேர்ப்பவர்க்கு, ஒருவர் சுமப்பதற்கும் இருவர் சுமப்பதற்கும் உள்ள வேற்றுமை அதுவே. இரண்டாவது விரைவு. அலை உடையும் இடத்தைக் கடக்குங்கால், ஓர் அலைக்கும் மறு அலைக்கும் இடையேயுள்ள சிறு பொழுதிற் படகு பாய்ந்து செல்லல்வேண்டும். கைப்பிடியைத் திருகியவுடன் பாயும் இயல்பு ஈரடிப்பிற்கு மிகுதி. மூன்றாவது எளிமை. வால்வு, கேம் தண்டு முதலிய உறுப்புகள் அதற்கில்லை. கரையிலேயே பிரித்துப் பார்க்கத்தக்க கைத்தேர்ச்சி பலர்க்கு உண்டு. நான்காவது, வாங்கும் விலை குறைவு.

நாலடிப்பின் சிறப்புகள் யாவை? எரிபொருட் செலவு குறைவு. புகையும் இரைச்சலும் குறைவு. இரைச்சல் குறைந்தால், இருளிலும் பனிமூட்டத்திலும் அருகே வரும் கப்பலின் ஓசை செவிக்கு எட்டும், கிழவயதில் காதும் எஞ்சும். வலை இழுக்கும்போதும் தூண்டில் விடும்போதும் மெல்ல ஓட்டினால் திணறாமல் ஓடும். ஈரடிப்போ நெடுநேரம் மெல்ல ஓடினால் ஸ்பார்க் பிளக்கிற் கரி படிந்து நின்றுவிடுதல் உண்டு. பழவேற்காடு ஏரி போன்ற ஆழங்குறைந்த நீர்நிலைகளில், எரியாத எண்ணெய் நீரில் விழுதல் குறைவது மீன்குஞ்சுகட்கும் நன்று. அதன் குறைகளோவெனின், விலையும் எடையும் மிகுதி. பெரிய வகைகளில் எரிபொருள் பீச்சும் கருவி மின்னணுவால் இயங்குதலின் பழுது பார்க்கத் தேர்ந்த ஆள் வேண்டும். கீழே கிடத்துங்கால் கையேடு காட்டிய பக்கமாகவே கிடத்தல்வேண்டும். மாறிக் கிடத்தினால் அடியிலுள்ள எண்ணெய் உருளைக்குள் ஏறிவிடும். மணற்கரையில் மோட்டாரைக் கழற்றி வைப்பவர் இதனை மறத்தலாகாது.

இவ்வளவும் கேட்டபின், "ஆசிரியரே! முடிவாக எதனை வாங்குவது?" என்று வினவுவீர்கள். அதற்கு விடை கூறுமுன் யான் உங்களை ஒன்று வினவுவேன்: உங்கள் மோட்டார் ஓராண்டில் எத்தனை மணி நேரம் ஓடுகின்றது? இவ்வினாவிற்கு விடை தெரியாமல் மோட்டார் வாங்குவது, ஆள் எத்தனை என்று அறியாமல் உலை வைப்பதனோடு ஒக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவை கணக்கின் பொருட்டு யான் கொண்ட எண்களே. உங்கள் எண்களை நீங்கள் இட்டுக்கொள்க. 15 குதிரைத்திறன் மோட்டார், கூடியும் குறைந்தும் ஓடுவதிற் சராசரியாக மணிக்கு ஈரடிப்பில் 4.5 லிட்டரும் நாலடிப்பில் 3 லிட்டரும் குடிக்கின்றது என்க. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்க. ஒருவர் நாளொன்றுக்கு 4 மணி நேரமாக ஆண்டில் 200 நாள் ஓட்டுகின்றார். ஆக 800 மணி. ஈரடிப்பிற்கு 3,600 லிட்டர், அதாவது 3,60,000 ரூபாய். அதிற் கலக்கும் எண்ணெய் 72 லிட்டர். லிட்டர் 300 ரூபாயாயின் 21,600 ரூபாய். மொத்தம் 3,81,600 ரூபாய். நாலடிப்பிற்கோ 2,400 லிட்டர், 2,40,000 ரூபாய். 100 மணிக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினால் 8 முறைக்கு 12 லிட்டருக்கு மேற் போகாது. அது லிட்டர் 500 ரூபாயாயினும் 6,000 ரூபாயே. மொத்தம் 2,46,000 ரூபாய். ஓராண்டின் வேற்றுமை 1,35,600 ரூபாய். நாலடிப்பின் விலை 75,000 ரூபாய் மிகுதி என்று வைத்துக்கொண்டாலும், ஏழு மாதத்தில் அம்மிகுதி திரும்பிவிடும்.

மற்றொருவர் கரைக்கு அருகே மட்டும் வலை விடுபவர். ஆண்டில் 150 மணியே ஓட்டுபவர். அவ்வளவிலேயே கணக்கிட்டால் ஈரடிப்பிற்கு 71,550 ரூபாயும், இருமுறை எண்ணெய் மாற்றும் நாலடிப்பிற்கு 46,500 ரூபாயும் ஆகும். வேற்றுமை 25,050 ரூபாய். அந்த 75,000 ரூபாய் திரும்ப மூன்றாண்டு வேண்டும். அதற்கிடையே எடையைச் சுமக்கும் தொல்லையும், பழுது நேர்ந்தால் பட்டணத்திற்குக் கொண்டுசெல்லும் செலவும் உள. இவருக்கு ஈரடிப்பே தகும் என்று கூறுவதில் தவறில்லை.

சகோதரர்களே! விலை ஒருநாட் செலவு; எண்ணெய் ஒவ்வொருநாட் செலவு. ஒருநாட் செலவைக் கண்டு அஞ்சுகின்றோம். ஒவ்வொருநாட் செலவைக் காணாமலே கொடுத்துவிடுகின்றோம். அது மட்டுமன்று. நம் கரைகளில் மோட்டாருக்கும் எண்ணெய்க்கும் மீன் வியாபாரியிடம் முன்பணம் பெறுதலும், பெற்றவர் தம் மீனை அவரிடமே அவர் சொன்ன விலைக்கு விடுதலும் வழக்கமாய் இருக்கின்றன. எண்ணெய்ச் செலவு மிகுந்த மோட்டார், ஒவ்வொரு விடியற்காலையிலும் நம்மை அம்முன்பணத்தின் வாயிலுக்கே கொண்டுபோய் நிறுத்துகின்றது. மலிவென்று வாங்கியது, மீனின் விலையைப் பேசும் உரிமையையே விலையாகக் கொள்ளுமாயின், அதனை மலிவென்று எங்ஙனம் கூறுவது?

இனி மண்ணெண்ணெய். குமரிக் கரை வள்ளங்களிற் பல, பெட்ரோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் ஈரடிப்பு மோட்டார்களையே நம்பியுள்ளன. மண்ணெண்ணெய் மானிய விலையிற் கிடைக்கும்வரை மேலே கூறிய கணக்கு மாறும் என்பது மெய்யே. ஆயினும் மானியம் அரசின் கையில் உள்ளது. நம் கையில் இல்லை. மானிய அளவு தீர்ந்தபின் வெளிச்சந்தையில் வாங்கும் லிட்டரையும் கணக்கிற் சேர்த்தல்வேண்டும். மண்ணெண்ணெயிற் கரி மிகுதி. ஆதலின் பிளக்கும் பிஸ்டன் வளையமும் விரைவிற் கெடும். கரை வருமுன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்தாவிடின் மறுநாள் கிளம்புதல் அரிது. பெட்ரோலுக்கென்றே செய்த நாலடிப்பு மோட்டாரில் மண்ணெண்ணெயை ஊற்றுதல் அறவே கூடாது; எரியாத மண்ணெண்ணெய் அடியில் இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்து, உறுப்புகளை உராயவிட்டுக் கெடுத்துவிடும்.

பெட்ரோலுக்கும் இக்காலத்தில் ஒரு புதுமை வந்திருக்கின்றது. 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் என்னும் சாராயப்பொருளின் கலப்பு 100-க்கு 20 என்னும் அளவை எட்டியது. அவுட்போர்டு செய்வோர் பலர் தம் கையேட்டில் 10 வரைக்கே இடந்தருகின்றனர். எத்தனால் ஈரத்தை இழுக்கும் இயல்பினது. கடற்காற்றிலோ ஈரத்திற்குக் குறைவில்லை. நீர் மிகுந்தால் எத்தனாலும் நீரும் ஒன்றுகூடிப் பெட்ரோலினின்று பிரிந்து அடியில் தங்கும். ஈரடிப்பிற் கலந்த எண்ணெய் மேலுள்ள பெட்ரோலோடு நின்றுவிடுதலால், அடியிலுள்ளதை உறிஞ்சும் மோட்டார் எண்ணெயின்றி ஓடி இறுகிப்போதல்கூடும். ஆதலின் எவ்வகை மோட்டாராயினும், வாங்குமுன் எத்தனால் எவ்வளவு தாங்கும் என்று கையேட்டிற் பார்த்துக் கேளுங்கள். மீன்பிடி தடைக்காலத்தில் தொட்டியில் எரிபொருளைத் தேக்கி வையாதீர்கள். நீரைப் பிரிக்கும் வடிகட்டி ஒன்றைக் குழாயிற் பொருத்துங்கள்.

இவற்றையெல்லாம் தொகுத்துக் கூறுவேன். மணற்கரையினின்று அலையைக் கடந்து சென்று, அருகே வலைவிட்டு, மோட்டாரைச் சுமந்து வீடு திரும்புபவர்க்கும், ஆண்டில் 200 மணிக்குக் குறைவாக ஓட்டுபவர்க்கும் ஈரடிப்பே ஏற்றது. துறைமுகத்திலோ கழிமுகத்திலோ படகைக் கட்டுபவர்க்கும், நெடுந்தொலைவு செல்பவர்க்கும், நாள்தோறும் பல மணி ஓட்டுபவர்க்கும் நாலடிப்பே ஏற்றது. அலையையும் கடந்து நெடுந்தொலைவும் செல்பவர் இடைப்பட்டவர். அவர், அதிக எடையைத் தம் படகின் பின்பலகை தாங்குமா, சுமக்க இருவர் உளரா, பழுது பார்ப்பவர் அருகே உளரா என்னும் மூன்றையும் ஆராய்ந்து, மூன்றிற்கும் ஆம் என்னும் விடை கிடைப்பின் நாலடிப்பைக் கொள்க. ஒன்றற்கு இல்லை எனினும் பொறுத்திருப்பது நலம். அண்டை வீட்டார் வாங்கினார் என்பது எவ்வகைக்கும் காரணமாகாது.

எதை வாங்கினும் பேணுதல் ஒன்றே. கரை சேர்ந்தவுடன் நன்னீரால் மோட்டாரின் உள்வழியைக் கழுவுக. ஓடும்போது குளிர்நீர் சிறுதுளை வழியே பீச்சுகின்றதா என்று பார்க்க. நின்றால் உடனே நிறுத்துக, ரப்பர் இறக்கை தேய்ந்திருக்கும். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்தது என்று அறிக. துத்தநாகக் கட்டி தான் கரைந்து மோட்டாரைக் காப்பது. அதன்மேல் வர்ணம் பூசற்க. ஈரடிப்பிற்கு ஸ்கூட்டர் எண்ணெயை ஊற்றற்க. அது காற்றாற் குளிரும் இயந்திரத்திற்கு உரியது. நீராற் குளிரும் அவுட்போர்டுக்கு டி.சி.டபிள்யூ.-3 என்று குறித்த எண்ணெயே வேண்டும். நாலடிப்பிற்கு முதல் 20 மணியில் ஒருமுறையும், பின்னர் 100 மணிக்கு ஒருமுறையும் எண்ணெய் மாற்றுக.

யாவற்றினும் மேலாக ஒன்று. மோட்டாரை நிறுத்தும் கயிற்றைக் கையிற் கட்டாமல் ஓட்டுபவர் பலர். அவர் அலையில் தவறி விழுந்தால், ஆளில்லாத படகு சுழன்று வந்து அதன் விசிறி அவரையே வெட்டும். அக்கயிற்றின் விலை சிறிது; உயிரின் விலை நீங்கள் அறிவீர்கள். துடுப்பும், மாற்றுப் பிளக்கும், விசிறி முளையும், உயிர்காப்பு உடையும் படகில் இல்லாமற் கடலிற் செல்லற்க. எம்மோட்டாரும் ஒருநாள் நிற்கும். நிற்கும் நாளில் ஈரடிப்பும் நாலடிப்பும் ஒன்றே.

முடிவாக, சங்கத்திற்கு இரண்டு விண்ணப்பங்கள். ஒன்று: மோட்டார் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும், ஓடிய மணி, வாங்கிய எரிபொருள், பழுதுச் செலவு ஆகிய மூன்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவருமாறு செய்க. பள்ளி செல்லும் பிள்ளைகள் அதனை எழுதட்டும். வீட்டுப் பெண்மக்கள் அதனைப் பார்க்கட்டும். கடன் பத்திரத்திற்கு நகையைக் கொடுப்பவர் அவர்களாயிருக்க, எந்த மோட்டார் என்று தீர்மானிக்கும் பேச்சில் அவர்கட்கு இடமின்மை நீதியன்று. ஓராண்டுக்குப்பின் அந்நோட்டுகளை ஒருங்கு வைத்துப் பார்த்தால், நம் கரைக்கு எது தகும் என்பதை எந்த வியாபாரியும் நமக்குச் சொல்லவேண்டியதில்லை. இரண்டு: நம் இளைஞர் இருவரையேனும் நாலடிப்பு மோட்டார் பழுதுபார்க்கப் பயிற்சிக்கு அனுப்புக. பழுதுபார்ப்பார் இல்லாத கரையில் நல்ல மோட்டாரும் பாரமே.

 கடலிற் செல்வோர் யாவரும் நலமே கரை சேர்க! சங்கம் ஓங்குக!